ஒரே வசனம், நான்கு வாசிப்புகள்: பழங்கால யூத, ஆதிக்கிறிஸ்தவ வேத விளக்க முறைகளைப் படிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

தமிழ் வேதாகமத்தை எடுத்து இரண்டு இடங்களில் விரல் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று ஆபகூக் 2:4: "தன் விசுவாசத்தினாலே நீதிமான் பிழைப்பான்." இன்னொன்று ரோமர் 1:17: "விசுவாசத்தினாலே நீதிமான் பிழைப்பான்." பவுல் "எழுதியிருக்கிறபடி" என்று சொல்லித்தான் இந்த வரியை எடுத்தாள்கிறார். ஆனால் எழுதியிருந்த "தன்" அங்கே இல்லை.

இந்த ஒரு சொல்லை நான் பல வருடங்கள் கவனிக்காமலே தாண்டிப் போயிருக்கிறேன். கவனித்த பிறகு விட முடியவில்லை. பவுல் மட்டுமல்ல, இந்த வரியைச் சாக்கடல் ஓரத்தில் வாழ்ந்த யூதக் குழுவான கும்ரான் சமூகத்தாரும் விளக்கியிருக்கிறார்கள், எபிரெயர் நிருபத்தை எழுதியவரும் எடுத்திருக்கிறார், தல்மூது என்ற யூத விவாதத் தொகுப்பின் ரபீக்களும், அதாவது வேத ஆசிரியர்களும், பேசியிருக்கிறார்கள். நான்கு பேரும் நான்கு திசையில் போகிறார்கள். "அவரவர் இஷ்டத்துக்கு வசனத்தை வளைத்தார்கள்" என்று சொல்லி மூடிவிடுவது எளிது. அது தவறு. அவர்களிடம் முறை இருந்தது. அந்த முறைகளில் பெரும்பகுதி யூதர், கிறிஸ்தவர் என்ற இரு தரப்புக்கும் பொதுவானது. எங்கே ஒன்றாக நடந்தார்கள், எந்த இடத்தில் பிரிந்தார்கள் என்று கண்டுபிடிக்கப் பழகுவதற்குத்தான் இந்த வழிகாட்டி.

தேவையானவை அதிகமில்லை. ஓரக்குறிப்பில் ஒத்த வசனங்கள் போட்ட ஒரு வேதாகமம், ஒரு நோட்டுப் புத்தகம், கைபேசி. மிஷ்னா (ரபீக்களின் சட்டத் தொகுப்பு), தல்மூது, மித்ராஷ் (ரபீக்களின் வேத விளக்க நூல்கள்) எல்லாம் செஃபாரியா தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. கும்ரானில் கிடைத்த ஆபகூக் விளக்கச் சுருளின் படத்தை இஸ்ரேல் அருங்காட்சியகத்தின் தளத்திலேயே பெரிதாக்கிப் பார்க்கலாம். எபிரெயமும் கிரேக்கமும் தெரியாவிட்டாலும் தொடங்கலாம். சொல்லுக்குச் சொல் பொருள் போட்ட பதிப்பு ஒன்று பக்கத்தில் இருந்தால் போதும்.

படி 1: அவர் கையில் இருந்த பாடம் எது?

விளக்கத்துக்குப் போகும் முன் மூலத்தைப் பாருங்கள். நம் உரையாசிரியர்கள் பாடபேதம் பார்த்த பிறகுதானே உரை எழுதினார்கள், அதே ஒழுங்குதான் இங்கேயும்.

ஆபகூக்கின் எபிரெய மூலத்தில் இருக்கும் சொல் 'பெஎமுனாத்தோ'. "அவனுடைய உண்மையினால்", "அவனுடைய விசுவாசத்தினால்" என்று இரண்டு விதமாகவும் எடுக்கலாம். 'எமுனா' என்பதற்கு உறுதி, நம்பகம், வாக்கு மாறாமை என்ற பொருள்களே முன்னால் நிற்கின்றன. இதையே எழுபதின்மர் என்று சொல்லப்படும் கிரேக்க மொழிபெயர்ப்பில் பாருங்கள்: "என்னுடைய விசுவாசத்தினால்", அதாவது கடவுளுடைய வாக்கு மாறாமையினால். "அவனுடைய" எப்படி "என்னுடைய" ஆனது? எபிரெயத்தில் கடைசி எழுத்து 'வாவ்' என்றால் அவனுடைய, 'யோத்' என்றால் என்னுடைய. அந்தக் காலத்துக் கையெழுத்தில் இரண்டும் சின்னக் கோடுகள். கீழே இறங்கும் நீளம்தான் வித்தியாசம், பல சுருள்களில் அதுவும் தெரியாது. சுருளின் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், நீங்களே குழம்புவீர்கள்.

பவுல் "அவனுடைய", "என்னுடைய" இரண்டையுமே விட்டுவிடுகிறார். எபிரெயர் 10:38-ன் கிரேக்கத்தில் "என்னுடைய" இருக்கிறது. ஆனால் நல்ல பழைய பிரதிகளில் அது இடம் மாறி, "என்னுடைய நீதிமான்" என்று நிற்கிறது. நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் அந்தச் சொல் இல்லாததால், தமிழில் மட்டும் படிப்பவர்களுக்கு இந்த வேறுபாடு கண்ணில் படாது.

ஆகவே நோட்டில் முதல் வரி இதுவாக இருக்கட்டும்: எபிரெயம் என்ன சொல்கிறது, கிரேக்கம் என்ன சொல்கிறது, எடுத்தாண்டவர் எதை எழுதினார். பாதிப் புதிர் இங்கேயே அவிழ்ந்துவிடும்.

படி 2: அவர்கள் எதை நம்பிக்கொண்டு படித்தார்கள்?

இந்தப் பழைய விளக்கக்காரர்கள் எல்லாருக்கும் பொதுவான எண்ணங்கள் நான்கு என்று ஜேம்ஸ் கூகல் என்ற அறிஞர் வகுத்துக் காட்டியிருக்கிறார். வேதம் மேலுக்குச் சொல்வதற்கு உள்ளே இன்னொன்றும் வைத்திருக்கிறது. அது பழங்கதை அல்ல, இன்றைக்குப் பேசுகிறது. அதில் முரணோ வீண் சொல்லோ கிடையாது. அது கடவுளிடமிருந்து வந்தது.

மூன்றாவதைத்தான் அடிக்கடி மறந்துவிடுவோம். ஒரு சொல் கூட வீணில்லை என்றால், ஒரு வாக்கியத்தில் ஒரே செய்தி இரண்டு முறை வந்தால் அது அழகுக்காக வந்ததல்ல, இரண்டாவது முறைக்குத் தனிப் பொருள் இருந்தாக வேண்டும். ரபீ அக்கீபா இதைக் கடைசி வரை கொண்டுபோனார். எழுத்துகளின் தலைமேல் இருக்கும் சின்னக் கிரீடக் கோடுகளிலிருந்தும் அவர் சட்டங்களை வருவிப்பார் என்று தல்மூது சொல்கிறது. ரபீ இஸ்மவேல் எதிர்ப்பக்கம் நின்றார்: "தோரா (மோசேயின் வேதம்) மனிதர் பேசும் மொழியில் பேசுகிறது." இரட்டிப்பு வந்தால் அது பேச்சு வழக்கு, அவ்வளவுதான். இந்த வாக்குவாதத்தை மனதில் வைத்துக்கொண்டால், யூத விளக்கம் என்று ஒரே ஒரு விளக்கம் இருந்ததாகச் சொல்லும் பழக்கம் போய்விடும்.

படி 3: எந்தக் கருவி வேலை செய்கிறது?

இதுதான் வழிகாட்டியின் நடுப்பகுதி. நிதானமாகப் படியுங்கள்.

ஹில்லேல் என்ற ஆசிரியர் பெயரில் ஏழு விதிகள் வழங்குகின்றன. ரபீ இஸ்மவேல் பெயரில் பதின்மூன்று. ஏழையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். இரண்டைக் கைவசப்படுத்தினால் பெரும்பாலான இடங்கள் திறக்கும்.

முதலாவது 'கல் வஹோமெர்': இலேசானதும் கனமானதும். இலேசான காரியத்திலேயே இப்படி என்றால் கனமானதில் கேட்கவே வேண்டாம். நம் மரபில் இதற்குக் கைமுதிக நியாயம் என்று பெயர் உண்டு, அதனால் தமிழருக்கு இது புதிதல்ல. புதிய ஏற்பாட்டில் "அதிக நிச்சயம் அல்லவா" என்ற தொனி கேட்கும் இடமெல்லாம் இதைத் தேடுங்கள்.

ஓர் இணையை அருகில் வைத்துப் பார்ப்போம். யோவான் 7:23-ல் இயேசுவின் வாதம்: ஓய்வுநாளில் விருத்தசேதனம் செய்யலாம் என்றால், ஒரு மனிதனை முழுவதும் சுகமாக்கியதற்கு ஏன் கோபம்? தல்மூதின் யோமா 85-ஆவது ஏட்டில் ரபீ எலெயாசார் பென் அசரியா: மனிதனின் 248 உறுப்புகளில் ஒன்றை மட்டும் தொடும் விருத்தசேதனமே ஓய்வுநாளைத் தள்ளிவைக்கிறது என்றால், முழு உடலையும் காப்பாற்றுவது எவ்வளவு அதிகமாகத் தள்ளிவைக்கும்! ஓர் உறுப்பு, முழு உடல். இரண்டு இடத்திலும் அதே தராசு. யோவானைப் படிக்கும்போது இயேசு யூத முறைக்கு வெளியே நின்று பேசுவதாகப் பலர் நினைக்கிறோம். அவர் அதற்குள் நின்றுதான் வாதாடுகிறார். வேறுபாடு இன்னோரிடத்தில் இருக்கிறது: ரபீக்களின் பேச்சு உயிராபத்தைப் பற்றியது, யோவானில் சுகமானவரோ முப்பத்தெட்டு வருடம் நோயாய்க் கிடந்தவர், ஒரு நாள் பொறுத்தாலும் உயிர் போயிராது. விவாதம் அங்கேதான்.

இந்தத் தராசுக்கு ஒரு தடையும் உண்டு, பெயர் 'தயோ', "போதும்". எண்ணாகமம் 12:14-ல் மிரியாமைப் பற்றிக் கடவுள் சொல்கிறார்: அவள் தகப்பன் முகத்தில் துப்பினாலே ஏழு நாள் வெட்கப்படுவாளே. கல் வஹோமெர் படி பார்த்தால் கடவுளின் கோபத்துக்குப் பதினான்கு நாளாவது வேண்டும். ஆனால் ஏழே நாள்தான் விலக்கி வைக்கப்படுகிறாள். மூலத்தில் இருக்கும் அளவைத் தாண்டி முடிவில் கூட்டக் கூடாது என்று ரபீக்கள் இதிலிருந்து எடுத்தார்கள். கட்டுப்பாட்டையும் விளக்கத்துக்குள்ளிருந்தே எடுத்தார்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

இரண்டாவது கருவி 'கெசெரா ஷாவா': ஒரே சொல் இரண்டு இடங்களில் வந்தால் ஒன்றைக் கொண்டு மற்றொன்றை விளக்குவது. இதற்குப் பெயர்போன கதை ஹில்லேலுடையது. ஒரு வருடம் பஸ்கா ஆட்டை அடிக்க வேண்டிய நாள் ஓய்வுநாளில் விழுந்தது. அடிக்கலாமா கூடாதா? பொறுப்பிலிருந்த பத்தீரா குடும்பத்தாருக்குத் தெரியவில்லை. பாபிலோனிலிருந்து வந்த ஹில்லேலைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். எண்ணாகமம் 9:2-ல் பஸ்காவுக்கு "அதற்குக் குறித்த காலத்தில்" என்று வருகிறது, 28:2-ல் அன்றாடப் பலிக்கும் அதே சொல்தான், அன்றாடப் பலி ஓய்வுநாளிலும் நடக்கிறது, ஆகவே பஸ்காவும் நடக்கலாம் என்றார். அப்புறம் கல் வஹோமெரும் சேர்த்தார்: தவறினால் ஜனத்திலிருந்து அறுப்புண்டுபோகும் தண்டனை அன்றாடப் பலிக்கு இல்லை, பஸ்காவுக்கு உண்டு. தண்டனை இல்லாததே ஓய்வுநாளைத் தள்ளும்போது தண்டனை உள்ளது தள்ளாதா?

கதை இத்தோடு முடியவில்லை. ஓய்வுநாளில் எதையும் சுமந்து போகக் கூடாதே, கத்தியை முந்தின நாளே கொண்டுவர மறந்தவன் என்ன செய்வது என்று கேட்டார்கள். ஹில்லேலுக்கு அது மறந்துபோயிருந்தது. "ஜனங்களை விடுங்கள், அவர்கள் தீர்க்கதரிசிகள் இல்லாவிட்டாலும் தீர்க்கதரிசிகளின் பிள்ளைகள்" என்றார். மறுநாள் பார்த்தால், செம்மறி கொண்டுவந்தவர்கள் கத்தியை அதன் கம்பளியில் செருகியிருந்தார்கள், வெள்ளாடு கொண்டுவந்தவர்கள் கொம்புகளுக்கு நடுவே வைத்திருந்தார்கள். எருசலேம் தல்மூதில் இன்னொரு விவரம் இருக்கிறது: ஹில்லேலின் வாதங்களை அவர்கள் ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டார்கள். "இதை நான் ஷெமாயாவிடமும் அப்தாலியோனிடமும் கேட்டேன்" என்று தன் ஆசிரியர்களின் பெயரைச் சொன்ன பிறகுதான் ஒத்துக்கொண்டார்கள். வாதம் எவ்வளவு கூர்மையாக இருந்தாலும் குருபரம்பரை பக்கத்தில் நிற்க வேண்டும். கெசெரா ஷாவாவை யாரும் தன் சொந்த யோசனையில் செய்யக் கூடாது என்ற விதியும் தல்மூதில் இருக்கிறது.

இப்போது ரோமர் 4-ஆம் அதிகாரம். ஆபிரகாமின் விசுவாசம் நீதியாக "எண்ணப்பட்டது" என்ற ஆதியாகமம் 15:6-ஐ எடுக்கிறார் பவுல். அடுத்து, பாவம் "எண்ணப்படாத" மனுஷன் பாக்கியவான் என்ற 32-ஆம் சங்கீதத்தை அதன் பக்கத்தில் வைக்கிறார். இரண்டையும் கட்டுவது "எண்ணு" என்ற ஒரே சொல், எபிரெயத்திலும் கிரேக்கத்திலும். சங்கீதத்தில் அது தாவீதின் கூற்று. தாவீது விருத்தசேதனமுள்ளவர். அப்படியானால் இந்தப் பாக்கியம் அவருக்கு மட்டுமா என்று கேட்டு, ஆபிரகாமுக்கு அது எண்ணப்பட்டது விருத்தசேதனத்துக்கு முன்னா பின்னா என்று காலவரிசையைப் பிடிக்கிறார். ஆதியாகமத்தில் எண்ணப்பட்டது 15-ஆம் அதிகாரத்தில், விருத்தசேதனம் அதற்குப் பின்னால் 17-ஆம் அதிகாரத்தில். ஒரு ரபீ இந்த முடிவை ஏற்க மாட்டார், ஆனால் பவுல் அதற்கு எப்படி வந்தார் என்று கேட்க மாட்டார்.

ஓர் எச்சரிக்கை. மிஷ்னா தொகுக்கப்பட்டது ஏறக்குறைய கி.பி. 200-ல், பாபிலோனியத் தல்மூது அதற்கும் சில நூற்றாண்டுகள் பின்னால். ஆகவே ஏழு விதிகளின் பட்டியலைப் பவுல் கையில் வைத்திருந்தார் என்று எழுதாதீர்கள். இந்த மாதிரி வாதிப்பது அந்தக் காலத்தில் பரவலாக இருந்தது என்பது வரைதான் சொல்லலாம்.

படி 4: எழுத்தும் எண்ணும்

பலர் முகம் சுளிக்கும் இடம் இது. கொஞ்சம் பொறுமையோடு பாருங்கள்.

எபிரெயத்திலும் கிரேக்கத்திலும் எண்களுக்குத் தனிக் குறி இல்லை, எழுத்துகளே எண்கள். ஆதியாகமம் 14:14-ல் ஆபிராம் 318 பேரைக் கூட்டிக்கொண்டு போருக்குப் போகிறார். ஏன் சரியாக 318? ரபீக்கள் அவருடைய ஊழியக்காரன் எலியேசரின் பெயரைக் கூட்டினார்கள்: 1, 30, 10, 70, 7, 200. மொத்தம் 318. ஆக, போனது எலியேசர் ஒருவர்தான். பர்னபாவின் நிருபம் என்ற ஆதிக்கிறிஸ்தவ நூலும் அதே எண்ணைத்தான் எடுக்கிறது, ஆனால் கிரேக்க எழுத்தில். 10-ம் 8-ம் இயேசு என்ற பெயரின் முதல் இரண்டு எழுத்துகள். 300 என்பது 'தௌ', சிலுவை வடிவமான எழுத்து. ஒரே எண், ஒரே கேள்வி, ஒரே முறை. ஒருவருக்கு எலியேசர், ஒருவருக்குச் சிலுவை. விளக்கம் எங்கே பிரிகிறது என்பதை இதைவிடச் சுருக்கமாக எங்கும் பார்க்க முடியாது.

எபிரெயச் சுருளில் மெய்யெழுத்துகள்தான் இருக்கும், உயிரொலியைப் படிப்பவர் சேர்க்க வேண்டும். அதனால் "இப்படிப் படிக்காதே, அப்படிப் படி" என்ற விளையாட்டும் உண்டு. ஏசாயா 54:13-ல் வரும் 'பானாயிக்', உன் பிள்ளைகள், என்பதை 'போனாயிக்', உன்னைக் கட்டுகிறவர்கள், என்று படிக்கச் சொல்கிறது தல்மூது. கற்றோர் உலகத்துக்குச் சமாதானம் சேர்க்கிறார்கள் என்று காட்டுவதற்காக. மூலத்தை அழித்துவிட்டு வேறு எழுதவில்லை. இரண்டு வாசிப்பும் சேர்ந்தே ஒலிக்கும்.

படி 5: "இதன் பொருள்..." என்று வந்தால்

1947-ல் கும்ரான் முதல் குகையில் கிடைத்த ஆபகூக் விளக்கச் சுருளில் பதின்மூன்று பத்திகள். ஒரு வசனத் துண்டு, பின்னால் 'பிஷ்ரோ', "இதன் பொருள்", அப்புறம் விளக்கம். இந்த வகைக்கே பேஷெர் என்று பெயர். கடவுளின் நான்கெழுத்துப் பெயர் வரும் இடத்தில் மட்டும் எழுதுபவர் பழைய எபிரெய லிபிக்கு மாறுகிறார். அந்தப் பயபக்தியைக் கண்ணால் பார்க்கலாம்.

பேஷெரின் அடிப்படை: தீர்க்கதரிசிக்கே தன் வார்த்தையின் முழுப்பொருள் தெரியாது. கடைசித் தலைமுறைக்கு வரப்போவதை எழுதச் சொன்ன கடவுள், அது நிறைவேறும் காலத்தை ஆபகூக்குக்கு அறிவிக்கவில்லை, இரகசியங்களை எல்லாம் நீதியின் போதகர் என்ற தங்கள் தலைவருக்கே திறந்தார் என்கிறது சுருள். அப்படியே 2:4-க்கு வந்தால்: யூதாவின் வீட்டில் நியாயப்பிரமாணத்தின்படி செய்கிறவர்களைக் கடவுள் தப்புவிப்பார், அவர்களுடைய பாடுகளினாலும் நீதியின் போதகர்மேல் அவர்கள் வைத்த உண்மையினாலும். பிரமாணத்தைச் செய்வதும் ஒருவர்மேல் உண்மையாயிருப்பதும் இங்கே கைகோத்து நிற்கின்றன. பவுல் அதே வசனத்தைக் கலாத்தியர் 3:11-ல் வைத்து அவ்விரண்டையும் பிரிக்கிறார்.

"நிறைவேறும்படி இப்படி நடந்தது" என்று மத்தேயு எழுதும் இடங்களை இந்தச் சுருளின் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். அமைப்பு ஒன்றல்ல, ஆனால் எங்கள் நாளில் இது நடந்தேறுகிறது என்ற துடிப்பு ஒன்றுதான்.

படி 6: நிழலா, உருவகமா?

இரண்டும் ஒன்றல்ல. நிழல், அதாவது முன்னடையாளம், என்பது நடந்த ஒன்றை, பின்னால் நடக்கப்போகும் ஒன்றின் அச்சாகப் பார்ப்பது. ரோமர் 5:14-ல் ஆதாம் அப்படி. சர்தை நகரச் சபையின் ஆயர் மெலித்தோ இரண்டாம் நூற்றாண்டில் தன் பஸ்காப் பிரசங்கத்தில் ஒரு பட்டறைக் காட்சியைச் சொல்கிறார்: கைவினைஞர் முதலில் மெழுகிலோ களிமண்ணிலோ மரத்திலோ சிறு மாதிரி செய்வார், உண்மையான வேலை எழுந்து நின்றதும் மாதிரியைக் கலைத்துவிடுவார். அழகான உவமை, ஆபத்தானதும்கூட. இஸ்ரவேல் ஜனமே கலைக்கப்பட்ட மாதிரி என்று அவர் போகிறார், அந்தப் பிரசங்கத்தின் பிற்பகுதி யூதர்மேல் கொடும் பழி சுமத்துகிறது. அந்தப் பழியின் விலையை யூதர்கள் நூற்றாண்டுகளாகக் கொடுத்தார்கள். இப்படிப்பட்ட இடத்தில் முறையைக் கற்றுக்கொள்ளுங்கள், பழியை விட்டுவிடுங்கள்.

உருவகம் என்பது கதைமாந்தரையே கருத்துகளாகப் படிப்பது. அலெக்சாந்திரியாவின் யூதத் தத்துவ அறிஞர் பிலோ ஆகாரையும் சாராளையும் எடுத்தார்: ஆகார் இலக்கணம், கணிதம், இசை போன்ற தொடக்கப் படிப்பு, சாராள் மெய்ஞ்ஞானம். முதலாவதைத் தாண்டித்தான் இரண்டாவதற்குப் போக முடியும். ஏறக்குறைய அதே காலத்தில் பவுல் கலாத்தியர் 4-ல் அதே இரு பெண்களை இரண்டு உடன்படிக்கைகளாக்குகிறார். பிலோவுக்கு அது கல்வியின் படிக்கட்டு, பவுலுக்கு அடிமைத்தனமும் சுயாதீனமும்.

பிலோவைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். உட்பொருள் தெரிந்துவிட்டது, இனி விருத்தசேதனமும் ஓய்வுநாளும் எதற்கு என்றவர்களை அவர் கண்டித்தார். உடல் ஆத்துமாவின் வீடு, வீட்டைப் பராமரிக்க வேண்டாமா, எழுத்தும் அப்படித்தான் என்றார்.

பின்னால் ஓரிகன் என்ற கிறிஸ்தவ அறிஞர் வேதத்துக்கும் உடல், ஆத்துமா, ஆவி உண்டு என்று வகுத்தார். சூரியன் உண்டாகும் முன் மூன்று நாள் எப்படிச் சாயங்காலமும் விடியற்காலமுமாக இருக்கும் என்று கேட்டு, இப்படி இடறும் கற்களை ஆழமாகத் தேடச் சொல்லியே கடவுள் வைத்தார் என்றார். அந்தியோகியாவின் தியோதோர் போன்றவர்கள் இதை எதிர்த்தார்கள். பவுல் உருவகம் என்ற சொல்லைப் பயன்படுத்தினாலும் ஆகாரும் சாராளும் வாழ்ந்ததை அவர் மறுக்கவில்லையே என்பது அவர்கள் வாதம்.

பர்தெஸ் என்ற யூத நால்வகைப் பொருளை இந்தக் காலத்துக்குக் கொண்டுவராதீர்கள். அது இடைக்காலத்தில், 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் உருவானது.

படி 7: எது எல்லை போட்டது?

முறை மட்டும் போதும் என்றால் யாரும் எதையும் நிறுவலாம். எல்லை வெளியிலிருந்து வந்தது. ரபீக்களுக்குப் பரம்பரையும் பெரும்பான்மையின் முடிவும். கிறிஸ்தவர்களுக்குச் சபையின் விசுவாச அளவுகோல். அகஸ்டினுக்கு அன்பு: கடவுளன்பையும் அயலானன்பையும் வளர்க்காத விளக்கம் வேதத்தைப் புரிந்துகொண்ட விளக்கமே அல்ல. தவறாக விளக்கியும் அன்பில் போய்ச் சேர்ந்தவன், பாதையை விட்டு வயலுக்குள் நடந்து அதே ஊருக்கு வந்தவனைப் போல. ஆனாலும் அவனைத் திருத்த வேண்டும், வயலில் நடந்தே பழகிவிடக் கூடாது என்கிறார்.

சரி, ஆபகூக்கின் வரிக்குத் திரும்புவோம். தல்மூதின் மக்கோத் 24-ஆம் ஏட்டில் 613 கட்டளைகள் சுருங்கிக்கொண்டே வருகின்றன. தாவீது பதினொன்றாக்கினார், ஏசாயா ஆறாக்கினார், மீகா மூன்றாக்கினார், மறுபடி ஏசாயா இரண்டாக்கினார். கடைசியில் ஆபகூக் ஒன்றாக்கினார்: "தன் விசுவாசத்தினாலே நீதிமான் பிழைப்பான்." இந்த ஒன்று 613-ஐ ஒதுக்கவில்லை, அத்தனையையும் தாங்கும் தூணாக நிற்கிறது. கும்ரானில் போதகர்மேல் உண்மை, பவுலிடம் கிறிஸ்துவின்மேல் விசுவாசம், எபிரெயரில் பின்வாங்காத பொறுமை, இங்கே கட்டளைகளின் சாரம். உங்கள் நோட்டில் இந்த நான்கையும் நான்கு கட்டமாக எழுதி, ஒவ்வொன்றின் கீழும் பாடம், கருவி, எல்லை என்று மூன்று வரி நிரப்புங்கள்.

அப்புறம் தனியாக ஒன்றைச் செய்து பாருங்கள். எபிரெயர் 4-ஆம் அதிகாரம் சங்கீதம் 95:11-ஐயும் ஆதியாகமம் 2:2-ஐயும் இளைப்பாறுதல், ஓய்வு என்ற சொல்லைக் கொண்டு கட்டுகிறது. கெசெரா ஷாவா மாதிரியே இருக்கும். கிரேக்கத்தில் இரண்டு இடத்திலும் ஒரே வேர்ச்சொல். எபிரெய மூலத்திலோ சங்கீதத்தில் 'மெனுகா', ஆதியாகமத்தில் 'ஷாவத்', வேறு வேறு வேர்கள். கிரேக்கப் பதிப்பில் தேடும்போது அந்தச் சங்கீதத்தின் எண் 94 என்பதை மறக்க வேண்டாம். இந்த வாதத்தை எழுதியவர் எந்த மொழிச் சுருளை முன்னால் விரித்து வைத்திருந்தார் என்பதை முதல் படியிலிருந்து தொடங்கி நீங்களே எழுதுங்கள்.